எடை குறைந்த இன்பம்

கார்களைப் பற்றி இலக்கியப் பக்கங்களில் எழுத முனைவோருக்கு இன்றும் ஒரு சிறு கூச்சம் இருக்கிறது. ரயிலைப் பற்றி எழுதலாம். மாட்டுவண்டியைப் பற்றி எழுதினால் மண்வாசனை என்பார்கள். பேருந்தின் ஜன்னலோரமோ நம் கவிஞர்கள் பலருக்கு நிரந்தர இருக்கை. கார் என்றால் மட்டும் பணத்தின் பெருமிதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதிலும், இருவர் மட்டுமே அமரக்கூடிய கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் வார இறுதியில் மலைப்பாதை ஏறுவது என்றால் கேட்கவே வேண்டாம். இந்த ஒதுக்கல் சரியல்ல என்பது எங்கள் எண்ணம். அந்த இன்பத்தின் உட்பொருள் எடைக்குறைவு. அதைப் புரிந்துகொண்டால், நம் மலைகளை இன்று திணறடிக்கும் வார இறுதிக் கூட்டத்தைப் பற்றியும் சற்றுத் தெளிவாகப் பேச முடியும்.

குமராட்சி வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு உயரம் என்றால் தில்லைக் கோபுரங்கள்; மேடு என்றால் கொள்ளிடக் கரையும் வீராணம் ஏரிக்கரையும். நெல்வயல்களுக்கு இடையே ஓடும் எங்கள் சாலைகளில் ஓட்டுநருக்கு வேலை குறைவு. எதிர்வரும் லாரியையும், உலர்த்தப் பரப்பிய நெல்லையும் கவனித்தால் போதும். மலைச்சாலை அப்படியன்று. சேந்தமங்கலத்தைக் கடந்து காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36. ஒவ்வொரு வளைவும் ஓட்டுபவரிடம் ஒரு முடிவைக் கேட்கிறது: எந்த கியர், எவ்வளவு வேகம், எதிரே யார். சமவெளிக்காரர்களுக்கு மலைச்சாலை தரும் முதல் பரிசு இந்தக் கவனம்தான்.

இந்தக் கவனத்துக்கு ஈடுகொடுக்கும் வாகனம் எது என்பதற்கு இயற்பியலின் விடை எளிது. வளைவில் வாகனத்தை வெளியே தள்ளும் விசையும், நிறுத்துவதற்குத் தேவையான ஆற்றலும் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுகின்றன. 1,000 மீட்டர் இறங்கும்போது, ஏறுகையில் சேர்த்த ஆற்றல் முழுவதும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாகக் கழிந்தாக வேண்டும். ஒரு டன் வாகனத்தைக் காட்டிலும் இரண்டரை டன் வாகனம் இரண்டரை மடங்கு வெப்பத்தைக் கழிக்க வேண்டும். ஆற்றல்மிக்க எஞ்சின் நேர்ச்சாலையில்தான் தன் பெருமையைக் காட்டும். எடையைக் குறைத்தாலோ, ஏறும்போதும் இறங்கும்போதும் திரும்பும்போதும் நிற்கும்போதும் பலன் உண்டு. 1952இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பொறியாளர் காலின் சாப்மனின் வாழ்நாள் கொள்கை இதுதான். 1962இல் வந்த அவருடைய எலான் கார் 700 கிலோவுக்கும் குறைவு. அதன் மரபை மனத்தில் கொண்டு ஜப்பானின் மாஸ்டா 1989இல் கொண்டுவந்த எம்.எக்ஸ்.5, உலகில் மிகுதியாக விற்ற இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்று. அதன் எஞ்சின் சாதாரணமானது. எடை ஒரு டன்னுக்குள்.

கூரை திறந்திருப்பதன் பொருளும் இதனோடு சேர்ந்ததே. எங்களுள் சிலர் பழைய திறந்த ஜீப்பில் கொல்லிமலை ஏறியதுண்டு. அடிவாரத்தின் காய்ந்த புதர்க்காற்று எந்த வளைவில் ஈரமாகிறது, மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் நிழல் எங்கே தொடங்குகிறது, பலாப்பழ வாசம் எப்போது வந்து சேர்கிறது என்பதையெல்லாம் தோலும் மூக்கும் சொல்லிக்கொண்டே வந்தன. குளிரூட்டிய அறைக்குள் அமர்ந்து ஏறுபவருக்கு அடிவாரமும் உச்சியும் ஒரே வெப்பநிலை; மலை ஒரு கண்ணாடித் திரையில் ஓடும் காட்சி.

இது மேலை நாட்டுச் சரக்கு என்று தள்ளவும் இடமில்லை. டெல்டா வீடுகளில் நெல் ஏற்றக் கட்டை வண்டியும், மனிதர் போய்வர வில்வண்டியும் தனித்தனியே இருந்தன. கொங்கு நாட்டு ரேக்ளா வண்டியோ வேண்டாதவற்றையெல்லாம் கழித்துவிட்டு, ஓட்டுபவர் அமர இடம் மட்டும் விட்ட வண்டி. அதைச் செய்த தச்சருக்கு சாப்மனின் கொள்கையை யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. பாரத்துக்கு ஒரு வண்டி, ஓட்டத்துக்கு ஒரு வண்டி என்ற தெளிவு நம்மிடம் இருந்தது.

மோட்டார் யுகத்தில் அந்தத் தெளிவு எங்கோ தவறிப்போயிற்று. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. தமிழகம் நேசித்த கார் அது. சோழவரத்து ஓடுபாதையில் பந்தயமும் ஓடியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் கைவண்ணத்தில் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த இரண்டிருக்கை கார் பிறந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் அங்கே செய்யப்பட்டன. அக்காள் சென்னையில் குடியிருந்தும் தங்கை இங்கே வரவேயில்லை. உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட அந்நாளில் அது வியப்பன்று.

ஆனால் 1998இல், பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் ‘ஸ்டார்ம்’ என்ற காரைக் கொண்டுவந்தது. ஃபைபர் உடல், ரெனோவின் 1,149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன், இரண்டு இருக்கைகள், திறந்த கூரை. குறைகள் பல கொண்ட கார்தான். எனினும், இந்திய மண்ணில் இந்த எண்ணத்துக்குக் கிடைத்த அரிய உருவம் அது. வாங்குவார் மிகச் சிலரே. இன்று அதன் தயாரிப்பு இல்லை. எம்.எக்ஸ்.5 இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதே இல்லை. எடைக்குறைவின் கோயிலான லோட்டஸ், 2023இல் நம் நாட்டுக்கு வந்தபோது முதலில் கொண்டுவந்தது ஏறக்குறைய இரண்டரை டன் எடையுள்ள எலெட்ரே என்ற மின்சார எஸ்.யு.வி. எங்கள் ரசனையைப் பற்றி அந்நிறுவனம் என்ன முடிவுக்கு வந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ரசனையை விதிகளும் உருவாக்குகின்றன. ஜப்பானில் சிறு கார்களுக்கான ‘கெய்’ விதி நீளத்தையும் எஞ்சினையும் (660 சிசி) கட்டுப்படுத்தியது. அந்த எல்லைக்குள்ளேயே 1991இல் ஹோண்டாவின் பீட், சுசுகியின் கப்புசினோ என்ற இரு திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பிறந்தன. கப்புசினோவின் எடை சுமார் 700 கிலோ. நம் நாட்டிலும் அப்படியொரு எல்லை உண்டு: நான்கு மீட்டர் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசி. 2025 செப்டம்பர் முதல் அதற்குள் அடங்கும் கார்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; மீறினால் 40. அந்த எல்லைக்குள் நம் நிறுவனங்கள் செய்வதில் பெரும்பகுதி, எஸ்.யு.வி. போலத் தோன்ற முயலும் உயரமான பெட்டிகள். கப்புசினோவைச் செய்த அதே சுசுகியின் கார்கள்தாம் இங்கே தெருவெங்கும் ஓடுகின்றன என்பதை நினைக்கையில் ஆதங்கம் எழுகிறது.

இரண்டு பேருக்கு ஒரு கார் என்பது இந்நாட்டில் ஆடம்பரம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. நம் நாட்டின் உண்மையான திறந்த வாகனம் மோட்டார் சைக்கிள்தான். திருவொற்றியூரில் என்ஃபீல்டு தயாரிப்பு தொடங்கியது 1955இல். மலைக்கு அதில் செல்பவர்களோடு எங்களுக்கு வழக்கு ஏதுமில்லை. எடைக்குறைவில் அவர்கள் நமக்கு முன்னோடிகள். அருகருகே அமர்ந்து பேசிக்கொண்டு போகும் வாய்ப்பையும், சறுக்கினால் சற்றுக் கூடுதல் காப்பையும் நான்கு சக்கரங்கள் தருகின்றன, அவ்வளவே. மேலும், ஐவர் அமரும் இரண்டு டன் வாகனத்தில் இருவர் மட்டும் மலையேறும் காட்சியை வார இறுதிதோறும் காண்கிறோம். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

இங்கேதான் விளையாட்டு முடிந்து பொறுப்பு தொடங்குகிறது. மலைப்பாதை நமக்கு விளையாட்டுத்திடல் போலத் தோன்றலாம். அங்கே வாழ்வோருக்கு அது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் உள்ள ஒரே வழி. 2018 அக்டோபரில் கல்லட்டிப் பாதையில் சென்னைப் பயணிகளின் கார் பள்ளத்தில் வீழ்ந்து ஐவர் இறந்தபின் அங்கே வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதிகளில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. இவற்றை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் இந்தக் கணக்கில் 700 கிலோவும் இரண்டரை டன்னும் ஒன்றே. பாரிஸ் நகரம் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுத்து, அக்டோபர் முதல் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கியது. நம் மலைகளிலும் பேருந்துக்கு முழு விலக்கு, சிறு வாகனத்துக்குச் சிறு கட்டணம், கனத்துக்கேற்பக் கூடுதல் என்ற முறை வரலாம். அதற்கான சட்டம் வரட்டும். அதற்கு முன்பே நாம் பழகிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. குறுகிய ஏற்றத்தில் மேலேறி வருபவருக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

ஓசையும் ஓர் எடைதான். திருப்பத்தில் ஹாரன் ஒலிப்பது பாதுகாப்பு. புகைக்குழாயை மாற்றிப் பள்ளத்தாக்கு முழுதும் உறுமவிடுவது அத்துமீறல். அகநானூற்றின் 4ஆம் பாடலில், குறுங்குடி மருதனாரின் தலைவன் கார்காலத்தில் காதலியை நாடி விரைகிறான். விரைவதற்கு அவனைவிட நல்ல காரணம் யாருக்கு இருக்கும்? ஆனாலும் பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமோ என்றஞ்சித் தேர்மணிகளின் நாவைக் கட்டி வைக்கிறான். தமிழில் திறந்த வாகனப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த ஓட்டுநர் விதி எழுதப்படவில்லை.

மலைக்குச் செல்லாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. மருதத்துக்காரர்களுக்குக் குறிஞ்சியின் மீதுள்ள ஏக்கம் அவ்வளவு எளிதில் தீராது. சிறிய வாகனத்தில், விடியலில், ஓசை குறைத்து, நண்பர் ஒருவரோடு செல்லுங்கள். விருந்தினராகச் செல்பவர் வீட்டுக்காரரின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை.