இந்த லீவுக்கு வீட்டுப் பேய்கள்

செமஸ்டர் லீவு விட்ட அன்னைக்கு ராத்திரியே கிளாஸ் குரூப்ல அந்த மெசேஜ் வந்துடும். "மச்சி, வீட்டுல செம போர். நல்ல பேய்ப் படம் ஒண்ணு சொல்லுங்கடா." பத்து நிமிஷத்துல இருபது பதில். பாதி காஞ்சனா, மீதி அரண்மனை. எத்தனாவது பாகம்ங்கிறதுல மட்டும்தான் கருத்து வேறுபாடு.

காஞ்சனா (2011) மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அது கூட்டத்தோட பார்க்க எடுத்த படம். பக்கத்து சீட்டுக்காரர் அலற, நாமளும் அலற, அடுத்த நொடியே கோவை சரளா பண்ற அலப்பறைக்கு மொத்த தியேட்டரும் சிரிக்க, அது ஒரு திருவிழா. அதையே வீட்டுல தனியா, போர்வைக்குள்ள, போன்ல பாருங்க. சிரிப்பும் வராது, பயமும் வராது. தூக்கம்தான் வரும்.

அதனால என் கருத்து இது: வீட்டுல பார்க்கப் போறீங்கன்னா, வீட்டைப் பத்தின பேய்ப் படமாப் பாருங்க. தியேட்டர்ல பேயை உள்ளேயே விட்டுட்டு, பைக்கை எடுத்துக்கிட்டு, வழியில பரோட்டா சாப்பிட்டு வந்துடலாம். வீட்டுல அந்த வசதி கிடையாது. படத்துல பாத்ரூம் கதவு தானா திறந்தா, படம் முடிஞ்சதும் நீங்க போக வேண்டியதும் ஒரு பாத்ரூமுக்குத்தான்.

சரி, வீட்டுப் பேய்ப் படத்துல எது நல்ல படம்? எங்க அப்பா எந்தப் பேய்ப் படத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பேய் இருக்குன்னு தெரியுதுல்ல? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?" முன்னாடி எரிச்சலா இருக்கும். இப்போ அதையே அளவுகோலா வெச்சிருக்கேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்ற படம்தான் நல்ல படம்.

முதல் படம், யாவரும் நலம் (2009). விக்ரம் குமார் இயக்கம், மாதவன் நடிப்பு, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. 13-வது மாடியில புது ஃப்ளாட், குடிவர்றது ஒரு கூட்டுக் குடும்பம். பால் தினமும் திரியுது. லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது. வீட்டுப் பெண்கள் பார்க்கிற சீரியல்ல வர்ற குடும்பத்துக்கு என்ன நடக்குதோ, அதுவே இவங்களுக்கும் நடக்குது. சீரியல் நடந்துட்டிருக்கும்போது நம்ம வீட்டுல யாரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாங்களே, பேய் அங்கதான் உட்கார்ந்திருக்கு. ஏன் காலி பண்ணல? ஆசை ஆசையா வாங்கின சொந்த வீடு. பால் திரிஞ்சதுக்காக யார் விட்டுட்டுப் போவாங்க?

ரெண்டாவது, பாரனார்மல் ஆக்டிவிட்டி (2007). இதை நம்ம பசங்க கட்டாயம் பார்க்கணும். எடுத்தவர் ஓரன் பெலி, சாஃப்ட்வேர் புரோகிராமர். சொந்த வீட்டுலயே, சுமார் 15,000 டாலர் செலவுல எடுத்தார். உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல வசூல். படுக்கையறை மூலையில ஒரு கேமரா, தூங்குற ரெண்டு பேர், ஓடுற மணி. பின்னணி இசையே கிடையாது. ஒண்ணுமே நடக்காத அந்த நிமிஷங்கள்லதான் கதவை, போர்வையை, மாடிப்படியைக் கண் தேடிக்கிட்டே இருக்கும். ஏன் காலி பண்ணல? பேய் வீட்டுக்குச் சொந்தம் இல்லை. அந்தப் பொண்ணைச் சின்ன வயசுலேர்ந்து துரத்திக்கிட்டு வருது. எங்க போனாலும் கூடவே வரும்.

மூணாவது, அண்டர் தி ஷேடோ (2016). பாரசீக மொழிப் படம், பாபக் அன்வாரி எழுதி இயக்கினது. 1980-கள்ல ஈரான் ஈராக் போர் நடக்கிற நேரம், டெஹ்ரான்ல ஒரு அபார்ட்மெண்ட். கதாநாயகி ஷிதே மருத்துவம் படிச்சவ. படிக்கிற காலத்துல அரசியல்ல ஈடுபட்டான்னு, திரும்பப் படிக்க அனுமதி மறுக்கிறாங்க. டாக்டரான கணவனைப் போர்முனைக்கு அனுப்பிடறாங்க. மாடியில ஒரு ஏவுகணை விழுது, வெடிக்கல. அதுக்கப்புறம்தான் ஜின் வருது. ஏன் காலி பண்ணல? மகளோட பொம்மையைக் காணோம், அது இல்லாம அவ நகர மாட்டேங்கிறா. ஒரு ராத்திரி பயந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு ஓடினா, தலையில துணி இல்லைன்னு ஷிதேயைக் கைது பண்றாங்க. உள்ள ஜின், வெளியில சட்டம்.

நாலாவது, ஹிஸ் ஹவுஸ் (2020). ரெமி வீக்ஸ் இயக்கம். தெற்கு சூடான்லேர்ந்து உயிர் தப்பி இங்கிலாந்து வந்த கணவன் மனைவிக்கு அரசாங்கம் ஒரு பாழடைஞ்ச வீட்டை ஒதுக்குது. வேலைக்குப் போகக் கூடாது, வேற இடத்துக்கு மாறக் கூடாது. மீறினா திருப்பி அனுப்பிடுவாங்க. சுவருக்குள்ள ஏதோ நடமாடுது. அப்பாவோட கேள்விக்கு இதை விட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. அவங்களுக்குப் போறதுக்கு வேற இடமே இல்லை.

"தும்பாட் எங்கடா?"ன்னு கேட்பீங்க. பிரமாதமான படம்தான். ஆனா அந்த மழையும் இருட்டும் பெரிய திரைக்கானவை. 2018-ல தவறவிட்டவங்க 2024 மறுவெளியீட்டுல தியேட்டருக்கே போனாங்கன்னா சும்மா இல்லை.

பார்க்கிற விதமும் முக்கியம். டேட்டா சேவரை ஆஃப் பண்ணிடுங்க. பிட்ரேட் குறைஞ்சா முதல்ல அடிவாங்குறது இருட்டான காட்சிகள்தான். பேய் நிக்க வேண்டிய மூலையில கட்டம் கட்டமா சாம்பல் நிறம்தான் தெரியும். ஹெட்போன் போட்டுக்குங்க. ஸ்பீக்கர்ல வசனம் கேட்கலைன்னு சத்தத்தை ஏத்தி, அலறல் வந்ததும் அம்மா திட்டுவாங்கன்னு இறக்கி, இப்படியே பாதிப் படம் போயிடும். லெக்சர் வீடியோ மாதிரி 1.5 மடங்கு வேகத்துல ஓட்டாதீங்க. காத்திருக்கிற நேரம்தான் பயம், அதையே வெட்டிட்டா மிச்சம் என்ன? இன்னொண்ணு, "எனக்கு வேண்டாம்டா"ன்னு சொல்ற நண்பனைக் கட்டாயப்படுத்தாதீங்க. அவனுக்கு வேற காரணம் இருக்கலாம்.

கடைசிப் படம், பூதகாலம் (2022). மலையாளம். ராகுல் சதாசிவன் இயக்கம். தியேட்டருக்கே போகாம நேரா ஓடிடியில வந்த படம். பாட்டி இறந்த வீட்டுல அம்மாவும் மகனும் மட்டும். அம்மா ரேவதி பள்ளிக்கூட டீச்சர், மனச்சோர்வோட போராடுறவங்க. மகன் ஷேன் நிகம் படிப்பை முடிச்சிட்டு வேலை கிடைக்காம இருக்கான். ராத்திரியில அவன் பார்க்கிறதைச் சொன்னா, கேட்கிறவங்க எல்லாருக்கும் அவன் வேலையில்லாத, குடிக்கிற, புத்தி பேதலிச்ச பையன். அம்மாவும் தான் பார்த்ததை வெளியில சொல்றதில்லை. பக்கத்துப் பக்கத்து அறையில ரெண்டு பேரும் தனித்தனியா பயந்துக்கிட்டிருக்காங்க.

இதைப் போன லீவுல அம்மாவோட உட்கார்ந்து பார்த்தேன். அப்போ நான் நாலு கம்பெனி இன்டர்வியூல அவுட். வீட்டுல சொன்னது, "இன்னும் கம்பெனியே வரலைம்மா." படம் முடிஞ்சதும் லைட்டைப் போட யாருக்கும் தைரியம் இல்லை. இருட்டுலயே அம்மா கேட்டாங்க, "ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல?"

எனக்கு என்ன தோணுச்சோ, நாலையும் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியும்டா. உன் ஃப்ரெண்டோட அம்மா போன மாசமே சொன்னாங்க. நீயா சொல்லுவன்னுதான் கேட்கல"ன்னாங்க.

ஒரு மாசமா ரெண்டு பேரும் ஒரே வீட்டுல அதை மறைச்சு வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டு, டிவி பார்த்து, குட் நைட் சொல்லிட்டு இருந்திருக்கோம். அந்தப் படத்துல வர்ற வீடு எங்க வீட்டுலேர்ந்து ரொம்பத் தூரத்துல இல்லை.

வேலை இன்னும் கிடைக்கல. படம் மந்திரம் எல்லாம் பண்ணாது. ஆனா அஞ்சாவது இன்டர்வியூ ஊத்திக்கிட்ட அன்னைக்கு, ஹால்லேர்ந்து வெளியில வந்ததும் முதல் போன் அம்மாவுக்குத்தான் போட்டேன்.

அதனால இந்த லீவுல அஞ்சும் பார்க்க நேரம் இல்லைன்னா, பூதகாலத்தை மட்டுமாவது பாருங்க. தனியா வேண்டாம், வீட்டுல இருக்கிற யாரையாவது பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க. அப்பாவா இருந்தா "காலி பண்ண வேண்டியதுதானே"ன்னு கேட்பார். பரவாயில்லை, கேட்கட்டும்.