வேகம் மட்டும் போதுமா? இரு மகிழுந்துகளின் ஒப்பீடும் நம் பிள்ளைகளும்



நம் இளைஞர்களுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்கள், அவர்கள் இரண்டு விளையாட்டு மகிழுந்துகளை ஒப்பிட்டுப் பேசுவதை அருகிலிருந்து கேட்டதில்லை என்றே எண்ணுகிறேன். குதிரைத்திறன், முறுக்குவிசை, எடை, வட்டகையின் அகலம் என அத்தனை எண்களும் அவர்களின் நாவில் நிற்கின்றன. ஜூரு ஆட்டோ சிட்டிப் பக்கம் ஒரு மாலைப் பொழுது நடந்து பார்த்தாலே இது விளங்கும். ஆண்டு ஆறில் விகிதக் கணக்கைக் கண்டு முகம் சுளித்த மாணவன், இருபத்து மூன்று வயதில் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தை மனத்திலேயே வகுத்துச் சொல்கிறான். இது மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அவன் போடும் அட்டவணை பாதியில் நின்றுவிடுகிறது. மீதிப் பாதியை நிரப்பப் பெற்றோரும் ஆசிரியரும் துணை நிற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக, 2023ஆம் ஆண்டில் மலேசியச் சந்தைக்கு வந்த இரு போட்டி மகிழுந்துகளைப் பார்ப்போம். ஒன்று ஹோண்டா சிவிக் டைப் ஆர். மற்றொன்று தொயோத்தா ஜிஆர் கொரோலா. அறிமுகமான வேளையில் முன்னதன் விலை ஏறத்தாழ 4 இலட்சம் வெள்ளி. பின்னதன் விலை ஏறத்தாழ மூன்றரை இலட்சம் வெள்ளி.

இளைஞர்கள் போடும் அட்டவணை

டைப் ஆர் மகிழுந்தில் 1,996 சிசி கொள்ளளவு கொண்ட நான்கு உருளை டர்போ இயந்திரம் உள்ளது. அதன் திறன் 319 குதிரைத்திறன். முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர். ஜிஆர் கொரோலாவில் இருப்பதோ 1,618 சிசி கொண்ட மூன்று உருளை டர்போ இயந்திரம். அதன் திறன் 300 குதிரைத்திறன். முறுக்குவிசை 370 நியூட்டன் மீட்டர். முன்னது ஏறத்தாழ 1,430 கிலோ, பின்னது ஏறத்தாழ 1,480 கிலோ. வகுத்துப் பார்த்தால் டைப் ஆரில் ஒரு குதிரைத்திறன் சுமப்பது 4.5 கிலோ, கொரோலாவில் 4.9 கிலோ. இந்த அளவில் ஹோண்டா முந்துகிறது.

ஆயினும் ஹோண்டாவில் முன் சக்கரங்கள் இரண்டே வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். கொரோலாவில் நான்கு சக்கரங்களும் உழைக்கின்றன. முன்னும் பின்னும் விசையை 60:40, 50:50, 30:70 எனப் பங்கிட்டுக்கொள்ளலாம். மாலை மழையில் நனைந்த சாலையில் புறப்படும்போது இந்த வேறுபாடு தெரியும். உலர்ந்த பந்தயத் தடத்திலோ டைப் ஆர் சளைத்ததன்று. 2023இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 44.881 வினாடியில் சுற்றி, முன்சக்கர இயக்க மகிழுந்துகளில் சாதனை படைத்தது. இருபது கிலோமீட்டருக்கும் நீண்ட அத்தடத்தில் அதை ஓட்டியவர் தேர்ந்த பந்தய ஓட்டுநர் என்பதையும், பூட்டியிருந்தவை பந்தயத் தடத்துக்கு ஏற்ற தனிவகை வட்டகைகள் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவும் நல்ல ஒப்பீடே. இதைப் போடத் தெரிந்த பிள்ளையை 'வெட்டிப் பேச்சு' என்று அதட்டுவது முறையன்று.

அட்டவணையில் விடுபடும் வரிகள்

1. தவணை. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை ஒன்பது ஆண்டுக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த முறைப்படி, வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி ஆண்டு வரை ஒரே அளவில் வட்டி கணக்கிடுவோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்தால், மூன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட 355,000 வெள்ளி வண்டிக்கு மாதத் தவணை ஏறத்தாழ 3,757 வெள்ளி. 4 இலட்சம் வெள்ளி வண்டிக்கு 4,233 வெள்ளி. வேலையில் சேரும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் முதற்சம்பளம் இதற்கே போதாது. முதல் வண்டிக்கு வட்டி மட்டுமே 86,265 வெள்ளி. அந்தத் தொகையில் ஒரு நல்ல குடும்ப மகிழுந்தே வாங்கிவிடலாம்.

2. காப்புறுதி. கோரிக்கை ஏதுமின்றி ஐந்தாண்டு ஓட்டியவருக்கு 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்குக் கழிவே இல்லை. விலை உயர்ந்த வண்டியும் கழிவில்லாத ஓட்டுநரும் சேர்ந்தால் கட்டணம் என்னவாகும் என்பதைப் பிள்ளையே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

3. எரிபொருளும் வட்டகையும். இத்தகைய இயந்திரங்களுக்கு ஏற்றது ரோன் 97 வகைப் பெட்ரோல். அது மானியமின்றிச் சந்தை விலையில் விற்கப்படுவது. டைப் ஆரின் வட்டகை அளவு 265/30, 19 அங்குலம். கொரோலாவுடையது 235/40, 18 அங்குலம். அகலமும் விட்டமும் கூடக்கூட விலையும் கூடும். பக்கச்சுவர் தாழ்ந்த வட்டகைக்குச் சாலைக்குழி பெரும்பகை.

4. இருக்கை. டைப் ஆரில் நால்வர் மட்டுமே அமரலாம், கொரோலாவில் ஐவர். தைப்பூசத்திற்குத் தாத்தா பாட்டியோடு தண்ணீர்மலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதுவும் ஒரு கணக்குதான்.

இங்கே சாலை வரியைப் பற்றி ஒரு சொல். தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் மகிழுந்தின் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது, திறனைப் பொறுத்ததன்று. அதனால் டைப் ஆருக்கு ஆண்டு வரி 378 வெள்ளி. கொரோலாவுக்கு 207 வெள்ளி 20 காசு. அதே 1,996 சிசி கொண்ட சாதாரணக் குடும்ப மகிழுந்துக்கும் 378 வெள்ளிதான். "வரி குறைவுதானே அப்பா" என்று பிள்ளை சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த வரி வண்டியின் ஆற்றலை அளக்கவில்லை. அதை வைத்திருக்கும் செலவையும் அளக்கவில்லை.

பாலத்தில் ஒரு கணக்கு

செபராங் ஜெயாவில் வாழும் நமக்குப் பினாங்குப் பாலம் அன்றாடப் பாதை. 1985இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கடக்க ஏறத்தாழ 10 நிமிடம். 160 கிலோமீட்டர் வேகத்தில் 5 நிமிடம். மிச்சமாவது ஐந்தே நிமிடம். ஆனால் வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஒரு மோதலில் உலோகமும் உடலும் தாங்க வேண்டியது அந்த நான்கு மடங்கைத்தான். 80இல் செல்பவர் கண்டு உணர்ந்து நிறுத்துமிதியில் கால் வைக்கும் ஒரு வினாடிக்குள் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும்; 160இல் 44 மீட்டர். எந்த உயர்தர நிறுத்தியும் அந்த ஒரு வினாடியைக் குறைத்துத் தராது.

இரண்டு வண்டிகளும் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எடுப்பது ஐந்தரை வினாடியை ஒட்டிய நேரம். நெடுஞ்சாலையின் உச்ச வரம்போ 110. அப்படியானால் 319க்கும் 300க்கும் உள்ள வேறுபாடு நம் சாலையில் எங்கே பயன்படும்? சட்டப்படி அதற்கு இடமில்லை என்பதே விடை. அந்த வேறுபாட்டை உணர விரும்புவோர் சிப்பாங் போன்ற பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும்.

திறமை யாரிடம்?

ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜிட் சிங்கை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 2002இல் உலக ரேலிப் போட்டியின் உற்பத்தி வண்டிப் பிரிவில் வாகை சூடிய மலேசியர் அவர். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். மிட்சுபிஷி லான்சர் எவலூஷனின் மூன்றாம் தலைமுறையை அடிப்படையாகக் கொண்டது. அதன்பின் வந்த புதிய தலைமுறை வண்டிகள் எதிரில் நின்ற காலம் அது. அட்டவணை மட்டுமே வெற்றியை முடிவு செய்யுமானால் அவர் வென்றிருக்க முடியாது. பயிற்சியும் பொறுமையும் எந்த விற்பனைக் கையேட்டிலும் அச்சிடப்படுவதில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பெற்றோர் இருவகையினராக இருக்கக் காண்கிறேன். ஒரு சாரார் கேட்டவுடன் "கூடாது" என்று கதவை அடைத்துவிடுகின்றனர். பிள்ளை வேறிடத்தில் கடன் தேடுகிறான். மறுசாரார் பாசத்தால் உத்தரவாதக் கையெழுத்தைப் போட்டுவிடுகின்றனர். தவணை நின்றால் வங்கி அவர்களையும் நாடி வரும். ஓய்வுக்காலத்துக்கென்று இருந்த சேமநிதிப் பணம் நான்கு சக்கரங்களில் கரைந்துபோகும். இரண்டும் வேண்டா. ஒரு தாளை எடுத்துப் பிள்ளையோடு அமருங்கள். அவன் போட்ட வரிகளை முதலில் மதித்துக் கேளுங்கள். பிறகு விடுபட்ட வரிகளை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பின்னும் அவனால் இயலுமென்றால், வாங்கட்டும்; உழைத்து ஈட்டிய பணத்தில் விரும்பியதை வாங்குவது குற்றமன்று. விரலுக்கேற்ற வீக்கம் என்று முன்னோர் சொன்னது ஆசையே கூடாது என்பதற்காக அன்று, விரலை அளந்து பார்க்கத்தான்.

ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. விகிதம், விழுக்காடு, வேகம், காலம் அனைத்தையும் இந்த இரு மகிழுந்துகளைக் கொண்டே ஒரு வாரம் நடத்தலாம். பின்வரிசையில் தூங்கும் மாணவனும் நிமிர்ந்து அமர்வான். மொழிப்பாடத்தில் ஒப்பீட்டுக் கட்டுரைக்கும் இது தகுந்த தலைப்பு. பன்னிரண்டு வயதில் முழு அட்டவணை போடப் பழகியவன், இருபத்து மூன்றில் விற்பனையாளர் நீட்டும் பாதி அட்டவணையில் கையெழுத்திடத் தயங்குவான். அந்தத் தயக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் கடமை.