நோய்க்குறிப்பு நம்முடையது, அபராதம் யாருக்கு?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையை நோக்கி நடப்பவர்களை, இப்பகுதியில் வசிப்பவன் என்ற முறையில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். 1928-ஆம் ஆண்டில் காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து தொடங்கிய அந்த நிலையம், 1990-களில் எச்ஐவி தொற்றுக்கு ஆளானவர்களையும் சேர்த்துக்கொண்டு, நாட்டின் மிகப் பெரிய எச்ஐவி சிகிச்சை மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. தமிழகத்தின் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். இங்கே கிடைத்த சிகிச்சை அதற்கு ஒரு காரணம். நோயின் பெயர் சொந்த ஊரில் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சம் இன்னொரு காரணம். ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருந்த தொலைவே பலருடைய அந்தரங்கத்துக்குக் காவலாக இருந்தது.

நோயின் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், வாடகை வீடு கிடைக்காது, பிள்ளைகளின் திருமணம் தடைபடும் என்பதை இந்த ஊர் அருகிலிருந்து கண்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அவருடைய எச்ஐவி நிலையைப் பொதுவாக வெளியிடக் கூடாது என்கிறது. பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும் என்கிறது. நோய்க்குறிப்பு என்பது வெறும் தாள் அன்று என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது.

இன்று தொலைவு எவருக்கும் காவல் இல்லை. குரோம்பேட்டையில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு மாலைக்குள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோர வேண்டுமானால், நோயறிக்கை, ஸ்கேன் முடிவு, மருந்துச் சீட்டு, ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் என எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். சேலையூரின் ஓய்வூதியரும் மேடவாக்கத்தின் மென்பொருள் ஊழியரும் இதைத்தான் செய்கிறார்கள். அந்த ஆவணங்கள் எந்தக் கணினியில், எத்தனை காலம், யார் பார்வையில் இருக்கின்றன என்பது அனுப்பியவருக்குத் தெரியாது.

அப்படி அனுப்பப்பட்ட ஆவணங்கள் என்ன ஆகும் என்பதைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் நிகழ்வு காட்டியது. அந்நிறுவன வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் டெலிகிராம் செயலியின் தானியங்கி உரையாடல் கணக்குகள் வழியாக எவருக்கும் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு, பரிசோதனை முடிவுகளும் நோயறிக்கைகளும் அவற்றில் இருந்தன. 1,500-க்கும் மேற்பட்ட கோப்புகளைத் தன்னால் பதிவிறக்கம் செய்ய முடிந்ததாக அச்செய்தி நிறுவனம் கூறியது. மூன்று கோடிக்கும் அதிகமானோரின் தரவு தன்னிடம் உள்ளதாகத் திருடியவர் உரிமை கொண்டாடினார்.

பரவலான பாதிப்பு இல்லை என்றே நிறுவனம் முதலில் கூறியது. பின்னர், தான் திட்டமிட்ட இணையத் தாக்குதலுக்கு ஆளானதாகவும், சில தரவுகள் சட்டவிரோதமாக அணுகப்பட்டதாகவும் ஒப்புக்கொண்டது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததையும் தெரிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, தரவு பரவுவதைத் தடுக்க இடைக்கால உத்தரவும் பெற்றது. ஆனால், டெலிகிராமில் ஒரு கணக்கு நீக்கப்பட்டால் வேறொன்று முளைத்தது. ராய்ட்டர்ஸ் தொடர்புகொண்ட பாலிசிதாரர்களோ, தங்கள் ஆவணங்கள் கசிந்தது குறித்து நிறுவனம் எதுவும் தெரிவிக்கவில்லை என்றார்கள். செய்தியாளர் அழைத்துச் சொன்ன பிறகே அவர்களுக்கு அது தெரிந்தது.

அந்நிறுவனம் குற்றத்துக்கு ஆளான தரப்பு என்பதை மறுப்பதற்கில்லை. என் கேள்வி வேறு. நீதிமன்றம் சென்றது நிறுவனம், விசாரணைக்குரியவர் திருடியவர், ஒழுங்குமுறை செய்ய வேண்டியது அரசு. தன் நோய்க்குறிப்பு வெளியே போன மனிதருக்கு இந்த ஏற்பாட்டில் எங்கே இடம்? சட்டத்தைப் படித்துப் பார்த்தால், அவருக்கு ஏறத்தாழ இடமே இல்லை.

முதலில், தெரிவிக்கும் கடமையை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதல் நிகழ்ந்ததை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த உத்தரவு கூறவில்லை. அந்தக் கடமையை 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. தரவு கசிந்தால், தாமதமின்றிப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால், குடியரசுத் தலைவர் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த அச்சட்டத்துக்கு விதிகள் வெளிவரவே 2025 நவம்பர் ஆயிற்று. அப்போதைய அறிவிக்கையின்படி, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்.

அடுத்து, இழப்பீடு. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கப் புதிய சட்டம் வழிசெய்கிறது. கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை பெரிதுதான். அது முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும் என்று சட்டத்தின் 34-ஆவது பிரிவு கூறுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. அதே சமயம், பொய்யான அல்லது அற்பமான புகார் அளிக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வாரியம் விசாரிக்கக்கூடிய விவகாரங்களில் உரிமையியல் நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்றும் சட்டம் சொல்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. நுட்பமான தனிநபர் தரவைப் பாதுகாப்பதில் அலட்சியம் காட்டி ஒருவருக்கு இழப்பு நேரக் காரணமாகும் நிறுவனம், அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதே அப்பிரிவு. அச்சட்டத்தின்கீழ், ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அந்தந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிக்கலாம். குடிமகன் தில்லிக்குப் போக வேண்டியதில்லை.

இது ஏட்டுச் சுரைக்காயும் அன்று. இதே சட்டத்தின் 43-ஆவது பிரிவின்கீழ், போலி மின்னஞ்சலால் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டவர் தமிழகத்தின் தீர்ப்பு அலுவலர்தான். ஏமாற்றியவன் வேறொருவன் என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை. வங்கி மேல்முறையீடு செய்தது, வழக்கு நீண்டது. என்றாலும், பூட்டை உடைத்தவனோடு பூட்டைச் சரியாகப் போடாதவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கையை அந்த உத்தரவு நம் மாநிலத்திலேயே நிலைநாட்டியது.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு இந்த 43ஏ பிரிவை நீக்குகிறது. அந்த நீக்கமும் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆகவே, பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் பெறும் உரிமை கிடைக்கும் அதே நாளில், இழப்பீடு கோரும் உரிமை பறிபோகும். உங்கள் மருத்துவ அறிக்கை கசிந்துவிட்டது என்று கடிதம் வரும். அதை வைத்துக்கொண்டு செல்வதற்கான கதவு மூடப்பட்டிருக்கும்.

சேவைக் குறைபாடு என்று கூறி நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வழி இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆனால், தனிச்சட்டம் ஒன்று வந்த பிறகு, அது தெளிவாகத் தர மறுத்த ஒன்றை வேறு சட்டத்தின் சந்துகளில் தேடும்படி குடிமகனை விடுவது சட்டமியற்றும் முறையாகாது. 2018-இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு அளித்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான மசோதாவிலும் இழப்பீட்டுக்கான பிரிவு இருந்தது. 2022-இல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பிரிவு இல்லை. இது மறதியால் விடுபட்டதன்று, தெரிந்தே விடப்பட்டது.

கோடிக்கணக்கானோர் இழப்பீடு கேட்டால் நிறுவனங்கள் திவாலாகிவிடும் என்பது எதிர்வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் பொருளிழப்புக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கோரலாம் என்று அதன் 82-ஆவது பிரிவு கூறுகிறது. ஃபேஸ்புக் பயனர்கள் 53 கோடிப் பேரின் விவரங்கள் வெளியான விவகாரத்தில், தன் தரவின் மீதான கட்டுப்பாட்டை இழந்ததே ஒரு பாதிப்புதான் என்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு அந்நீதிமன்றம் பொருத்தமாகக் கருதிய தொகை சுமார் 100 யூரோ. அங்கே காப்பீட்டுத் தொழில் அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு தரவுக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்தால், தேவையற்றதைச் சேர்த்து வைக்க நிறுவனங்கள் தயங்கும். அந்தத் தயக்கமே உண்மையான பாதுகாப்பு.

அந்தத் தயக்கம் இங்கே எவரிடமும் இல்லை. ஜிஎஸ்டி சாலையின் ஜவுளிக் கடையில் ஒரு கைக்குட்டை வாங்கினாலும் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், உறவினர் வீட்டுக்கு வந்தவரின் பெயரும் எண்ணும் புகைப்படமும் ஏதோ ஒரு செயலிக்குள் போகின்றன. எண் தர மறுத்தால் பொருளைத் தர மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அண்மையில் ஒரு கடையில் நான் எண் தர மறுத்தபோது, பில் போடும் பெண், ‘எண் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது சார்’ என்றார். அவர் மீது தவறில்லை. மறுக்கும் மனிதரையே கருதாமல் வடிவமைக்கப்பட்ட மென்பொருள் அது.

நாமும் சிலவற்றைச் செய்யலாம். முழு ஆதார் எண் கட்டாயமில்லாத இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் நகலைத் தரலாம். காரணம் சொல்லாமல் கேட்கப்படும் எண்ணை மறுக்கலாம். ஆனால், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடம் விழிப்புணர்வைப் போதிப்பதில் பொருளில்லை. காப்பீடு வேண்டுமானால் அவர் ஆவணங்களைத் தந்தே ஆக வேண்டும். அங்கே சட்டம்தான் அவருக்காகப் பேச வேண்டும்.

அதற்கு மூன்று மாற்றங்கள் போதும். முதலாவது, 43ஏ பிரிவின் நீக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். அல்லது அதற்கு இணையான இழப்பீட்டுப் பிரிவைப் புதிய சட்டத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, 2027 வரை காத்திராமல், மருத்துவத் தரவு கசிந்தால் பாலிசிதாரருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட வேண்டும். மூன்றாவது, இன்னும் உயிரோடு இருக்கும் 43ஏ பிரிவின்கீழ் புகார்களைப் பெறும் முறையைத் தமிழக அரசு தமிழில் விளம்பரப்படுத்த வேண்டும். அப்படியொரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். உடலில் உள்ள நோயையும், அதன் பெயர் ஊரார் மனத்தில் பதிந்துவிட்டதையும் மாற்ற இயலாது. சானடோரியம் நிலையத்தில் இறங்கி நடப்பவர்கள் அதை அறிவார்கள். அவர்களுடைய உரிமை மீறப்பட்டதற்கு அபராதம் வாங்கிக் கருவூலத்தில் சேர்த்துவிட்டு, நீதி வழங்கப்பட்டது என்று அரசு சொல்ல முடியாது.