கஹால் கண்ட முதுமை

விழித்திரையைப் படம் பிடித்து மனிதனுடைய மூளையின் முதுமையைக் கணிக்கும் ஆராய்ச்சியைப் பற்றி இந்த வாரம் ஒரு பத்திரிகையில் படித்தேன். ஆராய்ச்சி உயர்ந்தது, ஆனால் கண்ணைக் காட்டினால் புத்தி மங்கப்போகும் காலத்தையே சொல்லிவிடலாம் என்ற தோரணையில் அதற்கு இட்டிருந்த தலைப்பு எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது. கர்ப்பத்தில் மூளையிலிருந்தே புடைத்து வளர்வது விழித்திரை. கபாலத்தைத் திறக்காமல் அதன் நரம்பையும் நுண்ணிய இரத்த நாளங்களையும் நேரே பார்க்க வாய்த்த இடம் அது. நியூஸிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரை மூன்றாம் வயதிலிருந்து தொடர்ந்து பரிசோதித்துவரும் அறிஞர்கள், 38-ஆம் வயதில் விழித்திரைச் சிரைகள் அகன்றிருந்தவர்கள் அறிவுச் சோதனைகளில் சற்றுப் பின்தங்கியதைக் கண்டார்கள். பால்யத்தில் செய்த சோதனைகளிலும் அவர்களிடம் அதே தாழ்வு இருந்ததென்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அப்படியானால் அந்தப் படம் காட்டுவது பிற்காலத்துத் தேய்மானத்தையா, இளமை முதலே உடன்வந்த சரீர நிலையையா? தலைப்பை எழுதியவர் இந்தக் கேள்வியின் பக்கமே போகவில்லை.

விழித்திரை என்றதும் நான் சந்தியாகோ ரமோன் ய கஹாலிடம் போய்விடுவேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். சித்திரக்காரனாக விரும்பி, தகப்பனாரின் கட்டாயத்தால் வைத்தியம் கற்ற அந்த ஸ்பானியர், வெள்ளி உப்பால் கறுப்பேற்றிய நரம்பணுக்களை நுண்பெருக்கியில் ஆராய்ந்து, விழித்திரையின் அடுக்குகளைத் தம் கையாலேயே வரைந்து 1893-ல் வெளியிட்டார். 1906-ல் நோபல் பரிசும் பெற்றார். அந்தச் சித்திரங்களை முன்பே புகழ்ந்திருக்கிறேன். இன்று சொல்ல விரும்புவது, அவர் காலமான 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எண்பது வயதில் கண்ட உலகம்' என்ற நூலைப் பற்றி.

நாளங்கள் தடித்துப்போன ஒருவனின் மனப்பதிவுகள் என்று அதற்கு உபதலைப்பு இட்டார். ஆயுள் முழுவதும் பிற ஜீவன்களின் நரம்புகளை ஆராய்ந்தவர், தம்முடைய மூளையின் நாளங்களே கெட்டிப்பட்டுவிட்டன என்று அறிந்தபின், பார்வை மங்குவதையும் செவி மந்தமாவதையும் ஞாபகசக்தி தளர்வதையும் பரிசோதனைக் குறிப்பு எழுதும் நிதானத்தோடு எழுதி, புஸ்தக வாசிப்பு போன்ற ஆறுதல்களையும் எடுத்துரைத்தார். நாளத்தின் அகலத்தைக் கருவி அளந்துவிடும். நெடுநாள் பழகியவரின் பெயர் நாவில் வராமல் நிற்கும் க்ஷணத்தில் ஒருவருடைய மனம் என்ன பாடுபடுகிறது, எந்த உபாயத்தைத் தேடுகிறது என்பதை அவரே சொன்னால்தான் உண்டு. அதைச் சொல்லும் தைரியமும் பயிற்சியும் கஹாலுக்கு இருந்தன. ஆகையால்தான் அந்த நூலை வைத்திய நூல்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

டுனிடின் குழந்தைகளுக்கு 2052-லும் 2053-லும் எண்பது வயது நிறையும். அப்போது அவர்களுடைய விழித்திரையை மறுபடியும் படம் பிடிப்பார்களானால், தம் நினைவு எப்படி இருக்கிறதென்று அவரவர் சொந்தச் சொற்களில் எழுதிய நாலு பக்கங்களையும் ஒவ்வொரு படத்தோடும் சேர்த்து வைக்க வேண்டுமென்று அந்த அறிஞர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தயங்குகிறவர்களுக்கு முதலில் கஹாலின் நூலை வாசிக்கக் கொடுக்கலாம்.