ஆட்டுக்குட்டிக்கு 1 முதல் 5 வரை மார்க்: கண் கணக்கை நம்பலாமா?

ஆஸ்திரேலிய மெரினோ பண்ணைகளில் ஆட்டின் பின்புறத்தைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். தோல் வழவழவென்று இருந்தால் 1. மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் 5. 'இதெல்லாம் ஒரு அளவீடா, ஆளுக்கு ஆள் மாறாதா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

முதலில் அந்த மடிப்பு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1880-களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மெரினோ கிடாக்களை ஆஸ்திரேலியர்கள் ஆசை ஆசையாக இறக்குமதி செய்தார்கள். மடிப்பு கூடினால் தோல் பரப்பு கூடும், கம்பளியும் கூடும் என்பது கணக்கு. மந்தைகளில் மடிப்பு பரவியது. கூடவே ஈயும் வந்தது. மடிப்புக்குள் சிறுநீரும் கழிச்சலும் தங்கி ஈரமாக, அதில் ஈ முட்டையிட, உயிரோடு இருக்கும் ஆட்டில் புழு வைத்தது. இதற்குக் கண்டுபிடித்த வழிதான் 'மியூல்சிங்'. குட்டியின் பின்புறத் தோலைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். தழும்பில் ரோமம் முளைக்காது. வெகுகாலம் வலிமருந்துகூட இல்லாமல்தான் இது நடந்தது. நியூசிலாந்து 2018-ல் தடை போட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் இன்னும் தொடர்கிறது.

கண்ணால் பார்த்துக் கொண்டுவந்த மடிப்பைக் கண்ணால் பார்த்தே போக்க முடியுமா? முடியும் என்கிறது மரபியல். பின்புற மடிப்பின் 'ஹெரிட்டபிலிட்டி' மெரினோவில் சுமார் 0.3 முதல் 0.5 வரை. தராசில் நிறுக்கும் கம்பளி எடைக்குக் கிடைக்கும் எண்ணும் ஏறக்குறைய இதேதான்!

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். 0.4 என்றால் ஓர் ஆட்டின் மடிப்பில் 40% மரபணு, மீதி தீவனம் என்று அர்த்தம் இல்லை. ஒரு மந்தையில் ஆட்டுக்கு ஆடு தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபு வழியாகக் குட்டிக்குப் போகும் என்பதே அந்த எண். மந்தையின் சராசரி 3, நீங்கள் தேர்ந்தெடுத்த கிடா, பெட்டைகளின் சராசரி 2 என்றால், குட்டிகளின் சராசரி சுமார் 2.6-க்கு இறங்கும். ஒரே தலைமுறையில்!

'ஆளுக்கு ஆள் மாறாதா?' என்ற சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கு. மார்க் போடுபவர் தடுமாறினால் அந்தப் பிழை மரபு சாராத வித்தியாசமாகக் கணக்கில் சேர்ந்து, எண் குறைந்துவிடும். அப்படியும் 0.3-க்கு மேல் நிற்கிறது என்றால் கண் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே வயதுக் குட்டிகளுக்குப் போட்டால் இன்னும் நல்லது.

பண்ணையாளர்களின் தயக்கம் வேறு. மடிப்பு குறைந்தால் கம்பளியும் குறையுமே? பொதுவாக அப்படித்தான், இரண்டும் மரபிலேயே கொஞ்சம் பிணைந்தவை. ஆனா முழுசா பிணைந்தவை அல்ல. மடிப்பு குறைந்தும் நல்ல கம்பளி தரும் கிடாக்கள் இருக்கத்தான் செய்கின்றன. இரண்டு குணத்தையும் பதிவு செய்து, இனவிருத்தி மதிப்பு கணக்கிட்டால் கண்டுபிடித்துவிடலாம். அதற்குச் சில வருஷம் பொறுக்கணும். கத்தரிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் பார்வையில், மியூல்சிங் இன்றும் நீடிப்பதற்கு அந்த அவசரம்தான் காரணமே தவிர, மரபியல் கைவிட்டது அல்ல.