பனிக்காலம் இல்லாத ஊரில் உறங்கும் கார்கள்



குளிர்நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் மட்டும் ஓட்டுவதற்கென வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பனி விழுவதற்கு முன்பே கழுவித் துடைத்துக் கெரேஜில் நிறுத்திவிடுவார்கள். பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு, வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பது ஒரு முக்கியக் காரணம். வசந்தம் வந்ததும் வண்டி வெளியே வரும். ஜெர்மனியில் இதற்கென்றே 1997 முதல் பருவகாலப் பதிவெண் பலகை வழங்கப்படுகிறது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அந்த வண்டி ஓடலாம் என்பது பலகையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டனிலோ, வரி கட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டியைப் பற்றி அரசுக்கு அறிவிக்கும் முறை 1998இல் வந்தது. அப்படி அறிவித்த வண்டியைப் பொதுச் சாலையில் நிறுத்தி வைக்கவும் கூடாது.

பனியையே கண்டிராத கம்போங் மேடான்காரனுக்கு இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். உறையால் மூடிய கார்கள், காற்றிறங்கிய டயர்கள், கண்ணாடியில் படிந்த தூசி. இங்கும் கார்கள் உறங்குகின்றன. ஆனால் அவை எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டுக் கார் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

என் அண்ணனுடையது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1998இல் அறிமுகமான வகை, 1.8 லிட்டர் இயந்திரம். வளைவுகளில் சாலையைப் பிடித்து ஓடும்படி லோட்டஸ் பொறியாளர்கள் பக்குவப்படுத்தியது. இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், பழைய வண்டியாகத்தான் வாங்கினார். எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது. 2020 தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, “மூனு மாசத்துல வந்துருவேன், காடிய பாத்துக்கடா. யாரும் தொடக்கூடாது” என்று சாவியை என்னிடம் தந்தார்.

மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூருடனான நிலவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டதோ 2022 ஏப்ரல் முதல் தேதி. மூன்று மாதம் இரண்டு ஆண்டுகளாயிற்று.

நான் என் கடமையைச் செய்வதாகவே எண்ணியிருந்தேன். வாரம் ஒருமுறை இறங்கிப் போய், நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு வருவேன். அது காருக்குச் செய்த நன்மையன்று என்பதைப் பின்னால் ஒரு ஃபோர்மேன் அண்ணன் விளக்கினார். வண்டியை முடுக்கும்போது பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம், ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பி ஏறாது. இயந்திரமும் போதிய சூடு ஏறாததால் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் சேரும் நீர் வற்றாமல் தங்கிவிடும். “தம்பி, அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டணும். இல்லன்னா பேட்டரி வயர கழட்டிட்டு சும்மா விடணும்” என்றார்.

எட்டு மாதத்தில் பேட்டரி செத்தது. பிறகு நானும் இறங்கிப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர்கள் தட்டையாயின. பிரேக் தட்டுகளில் துரு ஏறியது. எலி ஒன்று மின்கம்பிகளைக் கடித்துக் கூடு கட்டியது. காக்கும் என்று போர்த்திய பிளாஸ்டிக் உறை, நம் ஊர் ஈரக்காற்றை உள்ளேயே அடைத்து வைத்தது. அதன் மடிப்புகளில் மழைநீர் தேங்கிக் கொசுப் புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நான் வாரக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை.

இவை காருக்கு நேர்ந்தவை. மனிதர்க்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கீழ்வீட்டுப் பாக்சிக் வேன் ஓட்டிப் பொருள் விநியோகம் செய்பவர். பின்னிரவில் திரும்பும்போது நிறுத்த இடமிருக்காது. சாலையோரம் நிறுத்திச் சம்மன் வாங்குவார். ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, “அடிக், அபாங் பிலா பாலேக்?” என்று கேட்டார். அண்ணன்மேல் எவ்வளவு அக்கறை என்று மகிழ்ந்து போனேன். அவர் நாகரிகமாக எதைக் கேட்டார் என்பது பல மாதம் கழித்தே உறைத்தது.

2001 மார்ச்சில் எங்கள் வட்டாரத்தில் நடந்த இன மோதலில் 6 பேர் உயிரிழந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் துயரத்தை ஒரு கார் நிறுத்துமிடத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் நெருக்கமாக வாழும் இடத்தில் அண்டை வீட்டாரின் பொறுமையை நம் சொத்தாக எண்ணிவிடக்கூடாது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் நன்கறிவர்.

“வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய காரை விற்கச் சொல்ல நீ யார்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். விற்கச் சொல்லவில்லை. வாய்ப்பிருந்தால் நிறுத்தி வைக்கட்டும். ஆனால் முறையாகச் செய்யட்டும் என்பதே என் கருத்து.

தொழிற்பயிற்சிக்கும், சிந்தோக்கிற்கும், சபாவுக்கும் செல்லும் நண்பர்களே, ஒரு மாதத்திற்கு மேல் வண்டியை விட்டுச் செல்வதானால் கழுவிக் காயவைத்து நிறுத்துங்கள். டயருக்குக் காற்று நிரப்புங்கள். சமதளத்தில் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி விடுங்கள். ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். காப்புறுதி காலாவதியானால் வண்டி திருடு போனாலும் எரிந்தாலும் இழப்பீடு கிடைக்காது; அதைச் சாலையில் ஓட்டுவதும் குற்றம். சாலை வரியை ஆறு மாதத்திற்கும் எடுக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, திரும்பும் தேதியை அண்டை வீட்டாரிடம் சொல்லுங்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால் இடத்தைக் காலி செய்ய ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அடுக்குமாடி நிர்வாகக் குழுக்களும் இதை ஒரு விதியாகவே கொண்டு வரலாம்.

அண்ணன் திரும்பி வந்து, உறையை விலக்கிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அது இன்னும் வலித்தது. பழுதுபார்க்க மூவாயிரம் வெள்ளிக்கு மேல் ஆயிற்று. இப்போது அந்தக் கார் கிள்ளானில் அத்தை வீட்டு முன்கூரையின் கீழ் நிற்கிறது. அத்தை மகன் அதில்தான் வேலைக்குப் போகிறான். யாரும் தொடக்கூடாது என்ற கட்டளையை அண்ணனே எடுத்துவிட்டார்.

எங்கள் பழைய இடத்தில் பாக்சிக்கின் வேன் நிற்கிறது. இரண்டு ஆண்டுகள் அவர் கேட்காமல் கேட்டதை நாங்கள் நாமாகவே கொடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கீழேயும் ஒரு கார் உறங்கினால், இன்றே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போங்கள்.