காணுமா, மகள்?

பெருங்குடிக்குக் குடிவந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் கொட்டிவாக்கம், அதையும் தாண்டினால் கடல். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றால் காற்றிலேயே உப்பு தெரியும். ஆனாலும் சமீபம் வரை என் முழங்காலுக்கு மேல் கடல் நீர் பட்டதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் கடல் என்பது மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் இடம், அவ்வளவுதான். கடலில் இறங்கக் கூடாது என்ற கட்டளையை அம்மா இருந்தவரை யாரும் மீறவில்லை.

போன ஜூலையில், நாற்பத்தாறு வயதில், தனியாக இலங்கைக்குப் போய் எட்டு நாள், பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங் கற்றுக்கொண்டு வந்தேன். அதற்கு முன் ஒரு வருடம் நீச்சல் குளத்தில் பழகியிருந்தேன். அது இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

நான் போனது அறுகம்குடா. இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலை ஒட்டிய ஊர். அறுகம்பே என்றும் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். பகல் முழுவதும் பயணத்திலேயே போய்விடும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே அலைக்காலம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் கிளப்பிவிட்ட அலைகள் நாள்கணக்காகப் பயணம் செய்து வந்து அங்கே ஒரு முனையில் மோதி வளைகின்றன. அப்படி வளைந்த அலை ஒரே நேரத்தில் கவிழாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சுருண்டுகொண்டே போகும். காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் கலையாமல் நிற்கும். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவது இதற்காகத்தான். அந்த முனையில் அடியில் பாறை உண்டு; அது தேர்ந்தவர்களுக்கு. என்னைப் போன்றவர்களுக்கு மணல் அடியுள்ள, சின்ன அலை வரும் இடங்கள் தனியாக இருக்கின்றன.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது பொத்துவில் மீனவர் வீட்டுப் பையன். இருபத்திரண்டு வயதிருக்கும். முதல் நாள் தண்ணீரிலேயே இறக்கவில்லை. மணலில் பலகையின் வடிவத்தை விரலால் வரைந்து, அதில் குப்புறப் படுத்து எழச் சொன்னான். நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கை, ஒரே எழும்பலில் இரண்டு பாதமும் நடுக்கோட்டில், முழங்கால் மடங்கியபடி. நாற்பது தடவையாவது எழுந்திருப்பேன். பிறகு கணுக்காலில் கயிற்றைக் கட்டி, ஒன்பதடி மெத்துப் பலகையோடு இடுப்பளவு நீருக்குக் கூட்டிப் போனான்.

“அக்கா, காலைப் பாக்காதீங்க, கரையப் பாருங்க. கண் கீழ போனா போர்டும் கீழ போகும்.”

மூன்று நாள் விழுந்துகொண்டே இருந்தேன். மூக்கில், காதில், தொண்டையில் எல்லாம் கடல். நாலாம் நாள் காலை அவன் என் பலகையின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தையே பார்த்தபடி நின்றான். “இது வேணாம். இதும் வேணாம். பின்னால ஒண்டு வருது, அது நம்மட.” தள்ளினான். காலுக்கடியில் நீர் திடீரென்று கெட்டியானது போல இருந்தது, எழுந்தேன். நாலைந்து விநாடிதான். பலகையின் அடியில் நீர் சரசரவென்று உரசிக்கொண்டு போன சத்தம் இப்போதும் கேட்கிறது. கரையில் வந்து விழுந்து அழுதேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தக் கரையும் 2004-ல் நொறுங்கிய கரைதான். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டில் சுமார் 8,000. அதே தண்ணீரில் அந்த ஊர்ப் பிள்ளைகள் திரும்ப இறங்கிவிட்டார்கள். பெண்களும்தான். பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை என்ற பேச்சுக்கு நடுவே, 2018-ல் ஷமலி சஞ்சயா முதலானவர்கள் அங்கே பெண்களுக்கென்றே ஒரு சர்ஃபிங் குழுவைத் தொடங்கினார்கள். இலங்கையில் அதுதான் முதல். அவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கடலிலிருந்து ஏறினால் வரும் பசி வேறு மாதிரிப் பசி. சாலையோரத்தில் ஓலை வேய்ந்த ஒரு கடை. நடத்துபவர் அறுபது வயது முஸ்லிம் அம்மா. வறுத்த அரிசிமாவில் கொதிநீரைத் தெளித்து விரலால் உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு மாற்றி மாற்றிக் குழலில் அடைத்து அவிப்பார். தேங்காய்த் துருவலுக்கு அங்கே தேங்காய்ப்பூ என்று பெயர், எத்தனை அழகு! அந்தப் பிட்டின் மேல் மஞ்சள் நிறச் சொதி, பக்கத்தில் பழுக்க வறுத்த தூள் போட்ட கறுத்த மீன் குழம்பு, இடித்த சம்பல். “உறைப்புக் கூடவா?” என்று கேட்பார். தட்டு காலியாவதற்குள், கையில் அகப்பையோடு, “காணுமா, மகள்?” போதுமா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார். அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படி நின்று கேட்டதில்லை. கடைசியில் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு. தனியாகப் போனவள் ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிடவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோவளத்துக்குப் போனேன். நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கோவளம். அங்கே மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-லேயே சர்ஃபிங் பள்ளி தொடங்கிவிட்டார். மீனவக் குப்பத்துப் பையன்கள்தான் ஆசான்கள். கட்டுமரத்தை அலைமேல் ஏற்றி இறக்கிய வம்சம். எந்த அலை உடையும், எது உடையாது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்தது. இத்தனையும் இங்கே இருக்க, நான் கடலைக் கற்க இன்னொரு நாட்டுக்குப் போயிருக்கிறேன். போனதில் வருத்தமில்லை. ஆனால் என் தெருப் பிள்ளைகள் நாற்பத்தாறு வயது வரை காத்திருக்கக் கூடாது.

பெருங்குடியிலிருந்து கோவளம் சுமார் 25 கிலோமீட்டர். முதலில் பிள்ளைகளை நீச்சலில் சேர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களை விட்டுவிடுங்கள். பயிற்சியாளர் இல்லாமல் இறங்க விடாதீர்கள். மகனை மட்டும் அனுப்பாமல் மகளையும் அழைத்துப் போங்கள்.